சம்பளக்காரருக்கு ஓவர்டைம் கிடையாதா? அமெரிக்கச் சட்டமும் கணக்குப் போடும் முறையும்

கேள்வி சுருக்கமாக இது. டாலஸ் பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பதவியின் பெயர் ‘அக்கவுண்ட்ஸ் கோஆர்டினேட்டர்’. வாரத்துக்கு 900 டாலர் நிலையான சம்பளம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. மாதக் கடைசியில் வாரத்துக்கு 50 மணி நேரம்வரை வேலை நீள்கிறது. ஓவர்டைம் கேட்டால், “நீங்கள் சம்பளக்காரர், மணிக்கூலிக்காரர் அல்ல, உங்களுக்குக் கிடையாது” என்கிறது மனிதவளப் பிரிவு. “வேண்டுமானால் அடுத்த வாரம் சீக்கிரம் கிளம்பிக்கொள்ளுங்கள்” என்கிறார் மேலாளர். இது சரிதானா, உரிமை உண்டென்றால் எவ்வளவு வரும் என்பது கேள்வி.

தம்பி, அவர்கள் சொல்லும் காரணம் சட்டத்தில் இல்லை. அமெரிக்க நிறுவனங்களில் சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பதினேழு ஆண்டுகள் இருந்தவன் நான். ‘சம்பளக்காரர், ஆகவே ஓவர்டைம் இல்லை’ என்ற ஒரே வாக்கியம் எத்தனை பேரின் பணத்தைத் தின்றிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சம்பளம் என்பது பணம் கொடுக்கும் ஒரு முறை, அவ்வளவுதான். அந்த முறையை வைத்து மட்டும் யாருடைய ஓவர்டைம் உரிமையும் பறிபோவதில்லை.

நியாயமான தொழிலாளர் தரநிலைச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் 1938 ஜூன் 25 அன்று கையெழுத்திட்டார். முதலில் வாரத்துக்கு 44 மணி நேரம் என்று தொடங்கிய வரம்பு, 1940இல் 40 மணிக்கு இறங்கி இன்றுவரை அங்கேயே நிற்கிறது. 40 மணிக்கு மேல் வேலை செய்தால் வழக்கமான மணிவீதத்தைப் போல் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும் என்பது அதன் 7ஆம் பிரிவு. நிலையான வாரச் சம்பளம் வாங்குபவருக்கு இது பொருந்துமா என்ற சண்டை அப்போதே வந்துவிட்டது. ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனத்தில் வாரச் சம்பளத்துக்கு இருந்த எழுத்தர், நேரம் காலம் பாராமல் உழைத்துவிட்டு வழக்குப் போட்டார். குறைந்தபட்சக் கூலியையும் ஓவர்டைமையும் கூட்டிப் பார்த்தாலும் அதற்கு மேலேயே அவருடைய சம்பளம் இருக்கிறது, எனவே தனியாக ஒன்றும் தரவேண்டியதில்லை என்று நிறுவனம் வாதிட்டது. 1942இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரச் சம்பளம் வாங்குபவருக்கும் ஒரு மணிவீதம் உண்டு, அதிலிருந்து ஓவர்டைமும் உண்டு என்று தீர்ப்பளித்தது. உங்கள் மனிதவளப் பிரிவு சொல்வது அன்றைக்கே தோற்றுப்போன வாதம்.

அப்படியென்றால் யாருக்குத்தான் ஓவர்டைம் கிடையாது? 13ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன. நிர்வாகி, அலுவலக நிர்வாகப் பணியாளர், தொழில்முறை வல்லுநர், சில கணினி வல்லுநர்கள், வெளியில் சென்று விற்பவர். இவர்களைத்தான் ‘எக்ஸெம்ப்ட்’ என்கிறார்கள், மற்றவர்கள் ‘நான்-எக்ஸெம்ப்ட்’. வெளியில் சென்று விற்பவருக்குச் சம்பள அளவு ஒரு பொருட்டல்ல. மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் ஆகியோருக்கும் அப்படியே. மற்றவர்களை எக்ஸெம்ப்ட் ஆக்க வேண்டுமானால் மூன்று படிகளையும் தாண்ட வேண்டும். சம்பளம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையக்கூடாது. அது உண்மையிலேயே சம்பளமாகக் கொடுக்கப்பட வேண்டும். செய்யும் வேலை அந்த வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒன்று இடறினாலும் நீங்கள் நான்-எக்ஸெம்ப்ட்தான். விலக்குப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டிய பொறுப்பும் நிறுவனத்துடையது. அதை எந்த அளவுக்கு நிரூபிக்க வேண்டும் என்பதில் இருந்த குழப்பத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. சாதாரண சிவில் வழக்குகளில் உள்ள அளவே போதும் என்று சொல்லிவிட்டது.

முதல் படியில் உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒரு செய்தி இருக்கிறது. இன்று கூட்டரசின் அளவு வாரத்துக்கு 684 டாலர், அதாவது ஆண்டுக்கு 35,568. இது 2020 ஜனவரி 1 முதல் உள்ள அளவு. 2024இல் தொழிலாளர் துறை இதை உயர்த்தியது. 2024 ஜூலை 1 முதல் 844 டாலர், 2025 ஜனவரி 1 முதல் 1,128 டாலர் என்று அறிவித்தது. அது நின்றிருந்தால் 900 டாலர் வாங்கும் நீங்கள், என்ன வேலை செய்தாலும், கேள்வியே இல்லாமல் 2025 புத்தாண்டு முதல் ஓவர்டைமுக்குள் வந்திருப்பீர்கள். ஆனால் உங்கள் டெக்சாஸிலேயே ஒரு கூட்டரசு மாவட்ட நீதிமன்றம் 2024 நவம்பர் 15 அன்று அந்த விதி முழுவதையும் ரத்து செய்தது. ஜூலையில் நடைமுறைக்கு வந்திருந்த 844கூடப் போய்விட்டது. பழைய 684 திரும்பியது. அந்தச் சில மாதங்களில் பல நிறுவனங்கள் பணியாளர்களை நான்-எக்ஸெம்ப்டாக மாற்றிவிட்டு, நவம்பருக்குப் பிறகு சத்தமில்லாமல் பழையபடி ஆக்கின. உங்கள் பழைய சம்பளச் சீட்டுகளில் 2024 இரண்டாம் பாதியில் அப்படி ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

ஆக 900 என்பது 684க்கு மேல். முதல் படியை நிறுவனம் தாண்டிவிட்டது.

இரண்டாம் படியைப் பலர் கவனிப்பதே இல்லை. சம்பளம் என்றால், அந்த வாரத்தில் ஏதாவது வேலை செய்திருந்தால், எத்தனை மணி நேரம் என்று பாராமல் முழுத் தொகையும் வரவேண்டும். சொந்த வேலைக்காக ஒரு முழு நாள் வராவிட்டால் அந்த நாளுக்குப் பிடிக்கலாம். மருத்துவரைப் பார்க்க இரண்டு மணி நேரம் முன்னதாகப் போனதற்காகச் சம்பளத்தில் பிடித்தால், அது சம்பளமே அல்ல, மணிக்கூலி. விடுப்புக் கணக்கிலிருந்து அந்த இரண்டு மணி நேரத்தைக் கழிப்பது வேறு, அதற்கு அனுமதி உண்டு. பணத்திலிருந்து பிடிப்பதை ஒரு நிறுவனம் வழக்கமாகவே வைத்திருந்தால், அந்தக் காலத்துக்கு அந்தப் பதவியில் இருப்பவர்களின் விலக்கே போய்விடும். இது எவ்வளவு கறாரான விதி என்பதற்கு 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று சாட்சி. கடலில் எண்ணெய்த் துரப்பணப் பணியில் மேற்பார்வையாளராக இருந்த ஒருவர் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். ஆனால் அவருக்குக் கணக்குப் போட்டது நாள் வீதத்தில். நாள் கணக்கில் கொடுத்தால் அது சம்பளம் ஆகாது, எனவே அவருக்கு ஓவர்டைம் உண்டு என்று ஒன்பது பேரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். நிறையச் சம்பாதிக்கிறார் என்பதும் ஒரு காரணமாக நிற்கவில்லை.

மூன்றாம் படிதான் உங்கள் விஷயத்தின் உயிர்நாடி. நிர்வாகி என்றால், முதன்மைப் பணி ஒரு பிரிவை நடத்துவதாக இருக்க வேண்டும். முழுநேர ஊழியர் இருவரையாவது வழக்கமாக மேய்க்க வேண்டும். வேலைக்கு எடுப்பதிலும் நீக்குவதிலும் அவர் சொல்லுக்கு எடை இருக்க வேண்டும். உங்கள் கீழே யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கதவு மூடியாயிற்று. தொழில்முறை வல்லுநர் என்றால், நீண்ட சிறப்புக் கல்வியால் மட்டுமே வரும் அறிவைக் கொண்டு செய்யும் வேலை. சான்றிதழ் பெற்ற பொதுக் கணக்கர்கள் பொதுவாக இதில் அடங்குவார்கள். கணக்கு எழுத்தர்களும் புத்தகக் கணக்கு எழுதுபவர்களும் பொதுவாக அடங்கமாட்டார்கள் என்று தொழிலாளர் துறையின் விதியே பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. உங்களிடம் எம்.காம். பட்டம் இருக்கலாம். கேள்வி பட்டத்தைப் பற்றியதல்ல, மேசையில் நடக்கும் வேலையைப் பற்றியது.

மீதம் இருப்பது அலுவலக நிர்வாகப் பணியாளர் என்ற வகை. நிறுவனங்கள் கடைசியில் வந்து ஒளிந்துகொள்ளும் இடம் இதுதான். ‘அட்மினிஸ்ட்ரேடிவ்’ என்ற சொல்லைப் பார்த்து, அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் எல்லா வேலையும் இதில் அடங்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். விதி கேட்பது இரண்டு. வேலை நிறுவனத்தை நடத்துவதோடு நேரடியாகத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். முக்கியமான விஷயங்களில் தன் சொந்த முடிவைப் பயன்படுத்துவதாகவும் இருக்க வேண்டும்.

நீங்கள் விவரித்த உங்கள் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். சரக்கு விற்றவர் அனுப்பிய இன்வாய்ஸ் வருகிறது. அதை எடுத்துக் கொள்முதல் ஆணையோடும், சரக்கு வந்துசேர்ந்த ரசீதோடும் வரிவரியாக ஒப்பிடுகிறீர்கள். மூன்றும் பொருந்தினால் கணினியில் ஏற்றி, தேதி போட்டு, பணம் போகும் வரிசையில் வைக்கிறீர்கள். பொருந்தாவிட்டால்? எவ்வளவு சிறிய வித்தியாசமாக இருந்தாலும் மேலாளருக்கு அனுப்ப வேண்டும், நீங்களாக விடமுடியாது என்கிறீர்கள். இதில் திறமை இருக்கிறது. பொறுமை, கூர்ந்த கண், நிறுவனத்தின் பணத்தைக் காக்கும் பொறுப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் சட்டம் சொல்லும் ‘சொந்த முடிவு’ இல்லை. வகுத்துவைத்த வழியில் திறமையோடு நடப்பது வேறு, வழியை வகுப்பது வேறு. எந்த வியாபாரிக்கு எத்தனை நாள் தவணை என்று பேசி முடிப்பது, தகராறு வந்தால் எவ்வளவுக்குச் சமரசம் என்று நிறுவனத்தின் சார்பில் தீர்மானிப்பது, கணக்குப் பிரிவின் நடைமுறைகளை எழுதுவது, இவை உங்கள் முதன்மைப் பணியாக இருந்தால் பதில் மாறியிருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்படி இல்லை. என் கணிப்பில் நீங்கள் நான்-எக்ஸெம்ப்ட்.

‘கோஆர்டினேட்டர்’ என்ற பெயரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருந்தாலும் அது எதையும் தீர்மானிப்பதில்லை. ‘அசிஸ்டன்ட் மேனேஜர்’ என்ற பட்டத்தோடு நாள் முழுவதும் பில் போட்டுக்கொண்டு, மேலே ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில், பக்கத்துக் கவுண்ட்டரில் இருப்பவரைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக வாங்குபவருக்கு விலக்குப் பொருந்துவது கடினம். இதைப் படிக்கும் கணினித் துறை நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருள் வடிவமைப்பவர், நிரல் எழுதுபவர் எக்ஸெம்ப்ட் ஆகலாம். அவர்களுக்கு மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் மணிக்கூலியாகக் கொடுத்தாலும் விலக்கு நிற்கும். ஆனால் கடவுச்சொல் மாற்றிக்கொடுப்பது, மடிக்கணினிகளை அமைத்துத் தருவது, கோளாறு வந்தால் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்வது என்றிருக்கும் ஹெல்ப் டெஸ்க் பணியாளர் அந்த விலக்கில் வரமாட்டார் என்று தொழிலாளர் துறை 2006 அக்டோபரிலேயே கருத்துக் கடிதம் கொடுத்திருக்கிறது. நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்த வேலையில் இரவும் பகலும் சம்பளத்துக்கு மட்டும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். எந்த விசாவில் இருக்கிறோம் என்பதற்கும் இந்த உரிமைக்கும் சம்பந்தம் இல்லை.

இனிக் கணக்கு. மணிக்கூலிக்காரருக்கு இது எளிது. சம்பளக்காரருக்கு ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும். அந்த 900 டாலர் எத்தனை மணி நேர வேலைக்கான சம்பளம்?

வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு என்று பேசியிருந்தால், 900ஐ 40ஆல் வகுக்க மணிக்கு 22.50. ஒன்றரை மடங்கு 33.75. 50 மணி நேரம் உழைத்த வாரத்தில் 10 மணி ஓவர்டைம், 337.50 டாலர். அந்த வாரம் வரவேண்டியது 1,237.50.

45 மணி நேரத்துக்கு என்று பேசியிருந்தால் வீதம் 20 டாலராக இறங்கும். 41 முதல் 45 வரையான ஐந்து மணிக்கு நேர்க்கூலி, அதாவது ஒரு மடங்குக் கூலி, சம்பளத்திலேயே வந்துவிட்டது, ஆகவே அரைப் பங்கு மட்டும் பாக்கி: மணிக்கு 10 வீதம் 50 டாலர். 46 முதல் 50 வரை மணிக்கு 30 வீதம் 150. மொத்தம் 200.

‘எத்தனை மணி நேரம் ஆனாலும் இதுதான் சம்பளம்’ என்று இரு தரப்பும் தெளிவாகப் புரிந்துகொண்டு ஒப்புக்கொண்டிருந்தால், மூன்றாவது முறை வருகிறது. வாரத்துக்கு வாரம் நேரம் மாறும் வேலைக்கான முறை இது. 900ஐ அந்த வாரம் உழைத்த 50 மணியாலும் வகுத்தால் 18 டாலர். எல்லா மணிக்கும் நேர்க்கூலி வந்துவிட்டதாகக் கொண்டு, 10 மணிக்கு 9 டாலர் வீதம் அரைப் பங்கு மட்டும். வருவது 90 டாலர். 60 மணி நேரம் உழைத்தால் வீதம் 15ஆகத் தேய்ந்து, கடைசி 20 மணிக்கு வெறும் 7.50 வீதம் 150 கிடைக்கும். உழைக்க உழைக்க மணிக்கான மதிப்பு தேயும் இந்த முறையை நான் எந்த நாளும் நியாயம் என்று ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் நிபந்தனைகள் பொருந்தினால் கூட்டரசுச் சட்டப்படி அது செல்லும். குறைந்த நேரம் வேலை இருந்த வாரத்திலும் முழு 900 வந்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று.

ஒரே சம்பளம், ஒரே 50 மணி நேரம். 337.50, 200, 90. நியமனக் கடிதத்தின் ஒரு வரியில் ஒரு வாரத்துக்கு 247.50 டாலர் வித்தியாசம் இருக்கிறது. அதனால்தான் யார் கேட்டாலும் முதலில் அந்தக் கடிதத்தைக் கொண்டுவரச் சொல்கிறேன். ‘வேலை நேரம் காலை 9 முதல் மாலை 5.30’ என்றோ, ‘முழுநேரம், வாரம் 40 மணி’ என்றோ, ‘அரை மணி நேர உணவு இடைவேளையுடன்’ என்றோ எங்காவது இருக்கும். பணியாளர் கையேட்டில் இருக்கலாம், விடுப்புக் கணக்கில் ஒரு நாள் என்பதை 8 மணி நேரமாகக் கழித்திருக்கலாம். அதுவும் சான்றுதான்.

உங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. டாலஸில் ஒரு சட்ட அலுவலகத்தில் பாராலீகலாக, அதாவது வழக்கறிஞர்களுக்கு உதவும் பணியாளராக, இருந்த பெண்ணை எக்ஸெம்ப்ட் என்று தவறாக வகைப்படுத்தியிருந்தார்கள். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தும், பாக்கியை அரைப் பங்கு முறையில்தான் கணக்கிட்டார்கள். அவர் விடவில்லை. மேல்முறையீட்டில் ஐந்தாவது வட்டார நீதிமன்றம் 2013இல், எத்தனை மணி நேரமானாலும் இதே சம்பளம் என்று அவர் ஒப்புக்கொண்டதற்குச் சான்று இல்லை, எனவே ஒன்றரை மடங்கு முறைதான் பொருந்தும் என்றது. டெக்சாஸ் அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. ஆகவே நீங்கள் மனிதவளப் பிரிவுக்கு எழுதும் எந்த மின்னஞ்சலிலும் ‘வேலை எவ்வளவு நேரமானாலும் சம்பளம் இதுதான் என்று எனக்குத் தெரியும்’ என்ற பொருள்பட ஒரு வரி எழுதிவிடாதீர்கள். பணிவுக்காக எழுதிய அந்த ஒரு வரி ஓவர்டைமில் முக்கால் பங்கைக் கொண்டுபோய்விடும்.

மாதச் சம்பளம் வாங்குபவர்கள் நான்கால் வகுத்து வாரக் கணக்குப் பார்ப்பார்கள். அது தவறு. பன்னிரண்டால் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும். 4,000 டாலர் மாதச் சம்பளம் என்றால் வாரத்துக்கு 923.08. மாதம் இருமுறை வாங்குபவர் ஒரு தவணைத் தொகையை 24ஆல் பெருக்கி 52ஆல் வகுக்க வேண்டும்.

ஊக்கத்தொகையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ‘மாதக் கடைசிக் கணக்கைக் குறித்த நாளில் முடித்தால் இவ்வளவு’ என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்த தொகை, மணிவீதத்தில் சேர்ந்தே ஆகவேண்டும். 50 மணி நேர வாரத்துக்கு 100 டாலர் ஊக்கத்தொகை என்றால், 50ஆல் வகுக்க மணிக்கு 2 டாலர், அதில் பாதி 1 டாலர், பத்து மணிக்கு 10 டாலர் கூடுதல். சிறிய தொகைதான், ஆனால் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பாருங்கள். முதலாளி தன் விருப்பத்தில், எந்த வாக்குறுதியும் இல்லாமல் பண்டிகைக்குக் கொடுக்கும் அன்பளிப்பு இதில் சேராது. பயணச் செலவைத் திருப்பிக் கொடுப்பதும் சேராது.

மேலாளர் சொன்ன ‘அடுத்த வாரம் சீக்கிரம் கிளம்பிக்கொள்ளுங்கள்’ என்பதற்கு வருகிறேன். நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தனியார் நிறுவனத்தில் அது செல்லாது. சட்டம் பார்ப்பது ஒவ்வொரு வாரத்தையும் தனித்தனியாக, தொடர்ந்து வரும் 168 மணி நேரத்தை. முதல் வாரம் 50, அடுத்த வாரம் 30, சராசரி 40 என்று சமன்செய்ய முடியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போட்டாலும் முதல் வாரத்தின் 10 மணி ஓவர்டைம் அப்படியே நிற்கும். ஓவர்டைமுக்குப் பதிலாக விடுப்புக் கொடுக்கும் வசதி அரசு நிறுவனங்களுக்கு உண்டு, அங்கும் ஒரு மணிக்கு ஒன்றரை மணி வீதம். இன்னொன்று, ‘முன் அனுமதி வாங்காமல் உட்கார்ந்தீர்கள்’ என்று சொல்லிப் பணத்தை மறுக்க முடியாது. வேலை நடப்பது தெரிந்தும் விட்டிருந்தால் அது வேலை நேரம்தான். கண்டிக்கலாம், கூலியைப் பிடிக்க முடியாது. நீங்களே ‘எனக்கு ஓவர்டைம் வேண்டாம்’ என்று எழுதிக்கொடுத்தாலும் செல்லாது.

உங்கள் பக்கமும் ஒரு தவறான கணக்கு வரலாம். 40 மணி என்பது உண்மையில் உழைத்த நேரம். திங்கட்கிழமை விடுமுறைக்குச் சம்பளம் வந்து, மீதி நான்கு நாளில் 38 மணி உழைத்திருந்தால், தாளில் 46 என்று தெரிந்தாலும் கூட்டரசுச் சட்டப்படி ஓவர்டைம் இல்லை.

டெக்சாஸில் இருப்பதால் உங்களுக்குக் கூட்டரசுச் சட்டத்தோடு கணக்கு முடிகிறது. வேறு மாநிலங்களில் இருக்கும் நண்பர்கள் தங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், எது சாதகமோ அதுதான் பொருந்தும். கலிபோர்னியாவில் எக்ஸெம்ப்ட் ஆக்க மாநிலக் குறைந்தபட்சக் கூலியைப் போல் இருமடங்கு சம்பளம் வேண்டும். 2025இல் அது ஆண்டுக்கு 68,640 டாலர், 2026இல் 70,304. அங்கே ஒரு நாளில் 8 மணியைத் தாண்டினாலே ஓவர்டைம், 12 மணியைத் தாண்டினால் இரட்டை. வாரச் சம்பளத்தில் நாற்பதில் ஒரு பங்குதான் மணிவீதம் என்று சட்டமே சொல்லிவிட்டதால் அரைப் பங்கு முறைக்கு அங்கே இடமில்லை. பென்சில்வேனியாவிலும் 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த அரைப் பங்கு முறையை ஒதுக்கிவிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் சம்பள வரம்பு நாட்டிலேயே மிக உயரத்தில் இருக்கிறது.

பாக்கியை எவ்வளவு பின்னோக்கிக் கேட்கலாம்? வழக்குத் தொடுத்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். நிறுவனம் தெரிந்தே செய்தது, அல்லது தெரிந்துகொள்ள மறுத்தது என்று காட்டினால் மூன்று. கவனியுங்கள், மனிதவளப் பிரிவோடு பேசிக்கொண்டிருப்பதோ, தொழிலாளர் துறையின் கூலி மற்றும் பணிநேரப் பிரிவில் புகார் கொடுப்பதோ இந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. ஒவ்வொரு வாரம் கழியும்போதும் பின்னால் ஒரு வாரத்துப் பாக்கி கரைந்துபோகிறது. வென்றால் பாக்கியைப் போல் இன்னொரு மடங்கு இழப்பீடாக வரலாம், வழக்கறிஞர் கட்டணத்தையும் நிறுவனமே தரவேண்டும். கேட்டதற்காக வேலையைவிட்டு நீக்குவதோ, வேறு வகையில் பழிவாங்குவதோ தனிக் குற்றம்.

சான்று எங்கே என்ற பயம் எல்லோருக்கும் வரும். சம்பளக்காரர் என்பதால் நேரம் குறித்திருக்கமாட்டார்கள். நான்-எக்ஸெம்ப்ட் பணியாளரின் நேரத்தைக் குறித்துவைக்கும் கடமை நிறுவனத்துடையது. அவர்கள் குறிக்காவிட்டால், பணியாளர் தரும் நியாயமான மதிப்பீட்டை ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1946இலேயே வழிகாட்டிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி என்னிடம் ஒரு மேசை நாட்காட்டியைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் பென்சிலால் பொடி எழுத்தில் 8.10 – 6.05 என்பது போல வந்த நேரமும் போன நேரமும். சில கட்டங்களில் ‘சா. மே.’ என்று இருந்தது. என்ன என்று கேட்டேன். ‘சாப்பாடு மேசையில்’ என்றாள். உணவு இடைவேளையில் தொலைபேசி எடுத்துக்கொண்டே சாப்பிட்ட நாட்களாம். வீட்டில் அம்மாவிடம் சொல்லிக்காட்டுவதற்காகக் குறித்துவைத்திருந்தாள். வேலையிலிருந்து முழுமையாக விடுபட்ட இடைவேளையை மட்டும்தான் கழிக்க முடியும், மேசையில் வேலை பார்த்தபடி சாப்பிட்டால் அது வேலை நேரம் என்று அவளுக்கு அப்போது தெரியாது. அந்த இரண்டெழுத்துகளால் பல வாரங்கள் 45 மணியிலிருந்து 47.5 மணியாக உயர்ந்தன. நிறுவனம் வழக்கறிஞர்வரை போகாமலே கணக்கைத் தீர்த்தது. நீங்களும் மின்னஞ்சல் அனுப்பிய நேரங்கள், கணினியில் நுழைந்து வெளியேறிய நேரங்கள், கார் நிறுத்துமிடச் சீட்டுகள் ஆகியவற்றை நினைவோடு சேர்த்துத் தேதிவாரியாக எழுதுங்கள். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளை மட்டும் வீட்டுக்கு அனுப்பிக்கொள்ளாதீர்கள், அது உங்களையே திருப்பித் தாக்கும்.

வரியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, 2025 முதல் 2028 வரையான ஆண்டுகளுக்கு ஓவர்டைமின் ஒரு பகுதியைக் கூட்டரசு வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஒருவருக்கு 12,500 டாலர்வரை, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 25,000. வருமானம் ஒருவருக்கு 1,50,000 டாலரையும், தம்பதிக்கு 3,00,000 டாலரையும் தாண்டினால் சலுகை படிப்படியாகக் குறையும். கழிவு முழு ஓவர்டைமுக்கும் அல்ல, ஒன்றரை மடங்கில் ஒரு மடங்குக்கு மேல் வரும் அந்த அரைப் பங்குக்கு மட்டும். 337.50 வந்தால் 112.50தான் கழியும். சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் வரியும் வழக்கம்போல் உண்டு. 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி வரவேண்டிய ஓவர்டைமுக்குத்தான் இந்தச் சலுகை. எக்ஸெம்ப்ட் என்று வைத்துக்கொண்டு நிறுவனம் தானாக விரும்பிக் கொடுக்கும் கூடுதல் தொகைக்கு இது கிடைக்காது. ஆகவே நீங்கள் எந்த வகையில் இருக்கிறீர்கள் என்பது வரிப் படிவத்திலும் எதிரொலிக்கும்.

முதல் அடியாக மனிதவளப் பிரிவுக்கு ஒரு சிறிய மின்னஞ்சல் போதும். குற்றச்சாட்டு வேண்டாம். ‘எனது பதவி எந்த விலக்கின்கீழ் எக்ஸெம்ப்ட் என்று வகைப்படுத்தப்பட்டுள்ளது, எனது பணிகளில் எவை அந்த விலக்குக்குப் பொருந்துகின்றன, எனது வாரச் சம்பளம் எத்தனை மணி நேரத்துக்கானது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று மூன்றே கேள்விகள். பல நிறுவனங்கள் அதற்குப் பதில் எழுத உட்காரும்போதுதான் தங்கள் தவறை முதன்முதலாகப் பார்க்கும். பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ, அந்த மின்னஞ்சலையும் நியமனக் கடிதத்தையும் நீங்கள் எழுதிய தேதிவாரிக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு, தொழிலாளர் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.